தாராளம் நாற்பத்தைந்து

என் ஆப்பில் சிவப்பு நிறம் கிடையாது. நான்தான் எடுக்கச் சொன்னேன். பிள்ளைகள் பிழையாகப் பாடினால் மஞ்சள் வரும், படுமோசமாகப் பாடினால் வெளிர் மஞ்சள் வரும், கூடவே ஒரு மயில் பொம்மை வந்து ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று தோகையை விரிக்கும். இதற்காக ஒரு மாநாட்டில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குழந்தைகளின் மனம் நோகாமல் சங்கீதம் கற்பிக்கிற மனிதராம் நான். அட போங்கய்யா.

என் பெயர் சண்முகவேல். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். தி. நகரில் அப்பாவுக்குப் பாத்திரக் கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குக் கடையில் ஒரே வேலைதான். வந்து இறங்கும் குடங்களை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் எதில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஒருமுறை வாடிக்கையாளர் கையிலிருந்த குடத்தையே சுண்டிவிட்டு, “இது விரிசல்” என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போன பிறகு அப்பா பின்மண்டையில் ஒன்று போட்டார். “ஒனக்குக் காதுதாம்ல குடுத்திருக்கு, வாய யார்ல தொறக்கச் சொன்னா?” என்றார். அப்போது அழுதேன். பிற்பாடு அதையே தொழிலாக்கிக்கொண்டேன்.

ஒலிப்பதிவு படித்து, அங்கே இங்கே வேலை பார்த்து, பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு வாஜித்தோடு சேர்ந்து ஒரு தம்புரா ஆப் செய்தேன். வாஜித் ராயப்பேட்டைக்காரன். கணக்கில் புலி, வாயில் பட்டாசு. போனில் ஒலிக்கிற தம்புரா அப்போதே பத்துப் பதினைந்து இருந்தன. ஆனால் போன் சூடானால் அதன் சுருதியெல்லாம் மெல்ல நகரும். எங்களுடையது நகராது. ஐந்து கட்டை என்று வைத்தால் பேட்டரி சாகிற வரைக்கும் ஐந்து கட்டைதான். ஆறு மாதம் நானும் அவனும் ஒரே அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கேட்டே செய்தோம். இன்றுவரை சுருதி நகர்ந்தது என்று ஒரு புகார் வந்ததில்லை. என் வாழ்க்கையில் நான் உண்மையாகச் செய்த காரியம் அந்த ஒன்றுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கொரோனா வந்தது. ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து பாட்டு கற்க ஆரம்பித்தது. நாங்கள் ‘நாதப்பள்ளி’யைத் தொடங்கினோம். ஒரு திரையில் நாற்பது பிள்ளைகள். இணையத்தில் குரல் வந்து சேர அரை நொடி தாமதமாகும் என்பதால் எல்லோரையும் ஊமையாக்கிவிட்டு ஆசிரியர் மட்டும் பாடுவார். நாற்பது வாய் அசையும், ஒரு குரலும் கேட்காது. வகுப்பு முடிந்ததும் ‘எல்லாரும் பிரமாதம்’ என்பார். இந்தக் கூத்துக்கு மாற்றாகத்தான் மதிப்பெண் போடும் ஆப்பை வாஜித் எழுதினான். பிள்ளை தனியாகப் பாடும், ஆப் கேட்கும், சுருதி பிசகினால் அந்த இடத்தில் சிவப்பாகக் காட்டும். நியாயமான பொருள்.

ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள தூரத்தை நூறு பாகமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பத்து பாகம் வரை தவறினால் மன்னிப்பு, அதற்கு மேல் சிவப்பு என்று வைத்திருந்தோம். இந்த மன்னிப்பு அளவுக்கு அலுவலகத்தில் ‘தாராளம்’ என்று பெயர். தாராளம் பத்து. மூன்றே மாதத்தில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். ‘என் மகள் அழுகிறாள்’ என்று அம்மாக்கள் எழுதினார்கள். ‘போன பள்ளிக்கூடத்தில் இவளுக்கு முதல் பரிசு’ என்று ஒருவர் வக்கீல் பாணியில் எழுதினார். முதலீடு போட்ட ஆனந்தகுமார் நேரில் வந்தார். “சார், நாம விக்கறது பாட்டு இல்ல, சந்தோஷம். கொஞ்சம் தாராளமா இருங்களேன்” என்றார். தாராளம் இருபது ஆனது. முப்பது ஆனது. நாற்பத்தைந்தில் போய் நின்றது. அதற்கு மேல் வைத்தால் பக்கத்து ஸ்வரத்தின் எல்லைக்குள் போய்விடும் என்ற ஒரே காரணத்துக்காக நின்றது.

அப்போதும் சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் ஏறவில்லை. பாடப்பாடச் சுருதி மொத்தமாகக் கீழே இறங்கிவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். பிள்ளை இறங்கினால் ஆப்பும் தன் அளவை அதோடு சேர்த்து இறக்கிக்கொள்ளும். பிள்ளை எங்கே நிற்கிறதோ அதுதான் ஆதார ஷட்ஜம். இந்த யோசனை எனக்கே எனக்கு வந்தது, வேறு யார் மீதும் பழி போட முடியாது.

வாஜித் அதை எழுத மாட்டேன் என்றான். அன்று சாயங்காலம் நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்க வண்டியை நிறுத்தினான். ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினான்.

“இத்த பாக்காம வாங்குவியா நீ?”

“விஷயத்துக்கு வா” என்றேன்.

“பாடறது கீய போனா ஸ்கேலும் கூடவே கீய போவுது. அப்பால இன்னாத்துக்கு மச்சி ஸ்கேலு? மயில மட்டும் வுட்டுடு, அது பாட்டுக்கு ஆடிக்கினு கெடக்கட்டும்.”

“ஐம்பது பேர் சம்பளம் வாங்கறாங்க வாஜித். உனக்கு என்ன, பேசிட்டுப் போயிடுவ.”

“உன் பொண்ணும் இதுலதானே கத்துக்கினு கீது? அத்த நெனச்சுப் பாத்தியா?”

நினைத்துப் பார்க்கவில்லை. கோபம்தான் வந்தது. அவன் பொறாமைக்காரன், பிழைக்கத் தெரியாதவன் என்று வீட்டில் ஜெயலக்ஷ்மியிடம் சொன்னேன். என் மனைவி அவள். அவளும், “அவரு எப்பவும் அப்படித்தான்” என்று என் பக்கம் பேசினாள். அடுத்த வாரம் வாஜித் தரமணியில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் எழுத மாட்டேன் என்றதை வேறு ஒருவன் இரண்டு நாளில் எழுதிக் கொடுத்தான்.

என் மகள் கீர்த்திக்கு இப்போது பதினான்கு வயது. பத்து வயதிலிருந்து நாதப்பள்ளியில்தான் கற்கிறாள். நிறுவனரின் மகளே இதில்தான் கற்கிறாள் என்பது எங்கள் விளம்பரத்தில் இரண்டாவது வரி. தினமும் காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடுவாள். தம்புரா அவள் காதுக்குள்ளே ஒலிக்கும், குரல் மட்டும் வெளியே வரும். தம்புரா இல்லாமல் தனியாகக் கேட்கிற குரல் நன்றாகத்தான் இருக்கும். எதனோடு ஒப்பிடுவது? நான் காபியைக் குடித்துக்கொண்டே அவளுடைய மதிப்பெண்ணைப் போனில் பார்ப்பேன். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. குடத்தைச் சுண்டிப் பார்த்தே விரிசல் சொன்ன பயல், பெற்ற பெண்ணின் பாட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் நாதப்பள்ளியின் ஆண்டு விழாவில் கீர்த்தி ஒரு மணி நேரம் கச்சேரி செய்ய வேண்டும் என்று ஆனந்தகுமார் முடிவு செய்தார். மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு சின்ன அரங்கம். ‘ஆப்பிலேயே கற்று அரங்கேறும் முதல் குழந்தை’ என்று அழைப்பிதழ் அடித்தார்கள். கீர்த்தி அதை அவள் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தாள். பள்ளிக்கூடத்துத் தோழிகளுக்கெல்லாம் கொடுத்தாள். அவள் எதற்கும் இத்தனை ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்பு அடையாறில் எங்கள் வீட்டில் ஒத்திகை. வயலின் வாசிக்கிறவர் மயிலாப்பூர்க்காரர், நிதானமான மனிதர். அன்றைக்குத்தான் தம்புராவை வெளியே ஒலிக்கவிட்டுக் கீர்த்தி பாடி முதன்முதலாகக் கேட்டேன்.

முதல் பாட்டு சரியாக இருந்தது. இரண்டாவதில் லேசாக இறங்கினாள். மூன்றாவதில் கல்யாணி ஆலாபனை. பாதியில் முப்பது பாகம் கீழே நின்றுகொண்டு, கண்ணை மூடி, அவ்வளவு ரசித்துப் பாடுகிறாள் என் பிள்ளை. வயலின்காரர் விரலை நகர்த்தி நகர்த்தி அவளோடேயே போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “கொழந்தைக்கு ஞானம் நன்னா இருக்கு சார். சுருதிதான் எறங்கறது. உங்களுக்கே கேட்டிருக்கும், உங்க காதுக்கு நான் சொல்லணும்னு இல்ல. காத அடைச்சுண்டா தன் கொரல் தனக்கே கேக்காது. ஆத்துல அந்த ஹெட்போனத் தூக்கிப் போட்டுட்டு, தம்புராவ வெளில வெச்சுண்டு பாடச் சொல்லுங்கோ. ரெண்டு வாரம் இருக்கே, தாராளமா சரியாயிடும்.”

அவ்வளவுதான். பைசா செலவில்லாத வைத்தியம். உள்ளே போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

கீர்த்தி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். “வயலின் அங்கிள் என்னப்பா சொன்னாரு?”

“ஞானம் நல்லா இருக்குன்னாரும்மா.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லல.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அடுத்த கேள்வி கேட்பாள். அப்புறம் எப்படி எனக்குத் தொண்ணூற்றேழு வந்தது என்பாள். நாலு வருடமாக வந்த ஒவ்வொரு மயிலுக்கும் நான் கணக்குச் சொல்ல வேண்டும். பெற்ற மகளுக்கே பதில் சொல்ல முடியாத ஒன்றைத்தான் ஊரில் அத்தனை வீட்டுக்கும் விற்றுக்கொண்டிருந்தேன். இரண்டு வாரமும் சீக்கிரம் அலுவலகம் போய் நேரம் கழித்து வந்தேன். பாட்டு எப்படிப் போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கச்சேரியன்று ஒலி மேசையில் நானே உட்கார்ந்தேன். அரங்கத்து ஆளை அனுப்பிவிட்டேன். தம்புரா என் போனிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகிறது. பிசகினால் கொஞ்சம் எதிரொலி சேர்க்கலாம், தம்புராவின் சத்தத்தைக் குறைக்கலாம், யாருக்கும் தெரியாது என்று மனக்கணக்கு. முதல் வரிசையில் ஆனந்தகுமார் மடியில் போனை வைத்துக்கொண்டு எங்கள் ஆப்பைத் திறந்து அவள் பாட்டுக்கு மதிப்பெண் பார்த்துக்கொண்டிருந்தார். கீர்த்தி அரக்குப் பாவாடை, பச்சைத் தாவணி. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

முதல் இரண்டு பாட்டும் கம்பி மாதிரி நின்றாள். எனக்கே ஆச்சரியம். ஆனால் பயந்தவனுக்கு எதுவும் காதில் ஏறாது. மூன்றாவதுதான் கண்டம், மூன்றாவதுதான் கண்டம் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணி ஆலாபனை தொடங்கியது. மிருதங்கம் ஓய்ந்திருந்தது. மேலே போய்த் திரும்பும் இடத்தில் லேசாக இறங்கினாள். ஐந்து பாகம், எட்டு, பத்து. தம்புரா ஆப்பில் சுருதியை நுணுக்கமாக நகர்த்தும் பட்டை ஒன்று உண்டு. வாஜித் வைத்தது. அதில் கட்டை விரலை வைத்து மெல்லக் கீழே இழுத்தேன். நாலு வருடமாக ஆப் செய்ததை நான் கையால் செய்தேன்.

ஒரு கணம் எல்லாம் சேர்ந்தது. அடுத்த கணம் அவள் மேலே ஏறினாள். தானாக, தன் காதால் கேட்டு, இறங்கிய இடத்திலிருந்து சரியான இடத்துக்கு ஏறி வந்தாள். அங்கே தம்புரா இல்லை. நான் கீழே கொண்டுபோய்விட்டேன்.

அவள் குரல் தடுமாறியது. தான் அதிகம் ஏறிவிட்டதாக நினைத்து இறங்கினாள். நான் அதற்குள் பதறிப்போய்த் தம்புராவை ஏற்றினேன். அவள் ஏறினாள், நான் இறக்கினேன். வயலின்காரர் விரல் வைக்காமல் வெறும் தந்தியை ஒருமுறை இழுத்தார். அது நியாயமான இடத்தில் நின்றது. கீர்த்தி அந்தத் தந்தியைக் கேட்டாள். தம்புராவைக் கேட்டாள். பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்து நேரே ஒலி மேசையைப் பார்த்தாள். என் கட்டை விரல் இன்னும் போன் மேலேதான் இருந்தது.

மைக்கிலேயே சொன்னாள், மரியாதையாக, மெதுவாக. “அப்பா, சுருதி எறங்குது. கொஞ்சம் பாருங்க.”

அரங்கம் திரும்பிப் பார்த்தது. ஆனந்தகுமார் எழுந்து, “சின்ன டெக்னிகல் ப்ராப்ளம், ஒரு நிமிஷம்” என்று சிரித்தார். நான் ஐந்து கட்டைக்குக் கொண்டுவந்து கையை எடுத்தேன். அவள் மீதியைப் பாடி முடித்தாள். குரலில் நடுக்கம் போகவே இல்லை. கைதட்டினார்கள். ஆனந்தகுமார் என்னிடம் வந்து போனைக் காட்டினார். தொண்ணூற்றெட்டு. அந்த ஒரு நிமிடத்துக்கும் சேர்த்துத்தான்.

காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். மந்தைவெளி தாண்டியதும் பின் சீட்டிலிருந்து கீர்த்தி சொன்னாள். “வயலின் அங்கிள் அன்னிக்கு வாசல்ல சொன்னது எனக்குக் கேட்டுச்சுப்பா. ரெண்டு வாரமா ஹெட்போன் இல்லாமத்தான் பாடறேன். எறங்கினா இப்ப எனக்கே தெரியுது. ஏறிடுவேன்.”

ஜெயலக்ஷ்மி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

“நீங்களே சொல்லுவீங்கன்னு தினமும் முழிச்சிட்டு உக்காந்திருந்தேன்” என்றாள் கீர்த்தி. பிறகு கேட்டாள். “இன்னிக்குத் தம்புரா தானா எறங்குச்சா, நீங்க எறக்கினீங்களா? தானா எறங்குச்சுன்னு சொன்னா நம்பிடறேன்.”

அடையாறு பாலத்தில் சிக்னல் எதுவும் இல்லை, நிறுத்தி யோசிக்க. வாய் தானாகத் திறந்தது. “ஆப்புல ஏதோ கோளாறும்மா.”

பன்னிரண்டு வருடத்தில் ஒரு மயிரிழை நகராத தம்புரா. ஆறு மாதம் இரண்டு பேர் காதைக் கொடுத்துச் செய்த பொருள். அதன் தலையில் போட்டுவிட்டேன்.

“சரிப்பா” என்றாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் சரண்யா என் மேசைக்கு வந்தாள். புகார்களைப் பார்க்கும் பெண். “சார், தம்புராவுக்கு ஒரு கம்ப்ளெய்ன்ட். மொத தடவ” என்று திரையைத் திருப்பினாள்.

‘நேற்று என் கச்சேரியில் தம்புராவின் சுருதி நடுவில் தானாக இறங்கியது. ஆப்பில் கோளாறு என்று என் அப்பா சொன்னார். அவருக்கு ரொம்ப நல்ல காது, அதனால் சரியாகத்தான் இருக்கும். சரிசெய்துவிட்டுப் பதில் போடவும். கீர்த்தி, அடையாறு.’

“ஆப்போட பதிவ எடுத்துப் பாத்தேன் சார்” என்று சரண்யா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஆப் நல்லாத்தான் இருக்கு. கையால நகர்த்தினதா காட்டுது. ஏழு தடவ. என்ன பதில் போடட்டும்?”

“நான் பாத்துக்கறேன், போம்மா” என்றேன்.

இரண்டு நாளில் பதில் போகாத புகார் எங்கள் அலுவலகத் திரையில் சிவப்பாக மாறும். பிள்ளைகளின் திரையிலிருந்து எடுத்த சிவப்பை இங்கே எடுக்க மறந்திருக்கிறேன். இன்றோடு பதினோரு நாள்.

வீட்டில் கீர்த்தி இப்போது அறைக் கதவைத் திறந்து வைத்துத் தம்புராவை வெளியே ஒலிக்கவிட்டுப் பாடுகிறாள். நன்றாகப் பாடுகிறாள். இறங்குகிறாள், கேட்கிறாள், ஏறிவிடுகிறாள். ஆனால் நான் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தால் பாட்டு நின்றுவிடும். வெளியே வந்து, கோபமே இல்லாமல், மரியாதையாகக் கேட்பாள்.

“அப்பா, அந்தக் கோளாறு சரியாயிடுச்சா?”

“பாத்துட்டிருக்காங்கம்மா” என்கிறேன்.

“சரிப்பா” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.